தட்டுல தீவனம் மிஞ்சுது, கட்லாக் குஞ்சு வளரல. ஏன்?

கல்லிடைக்குறிச்சி குட்டை:
அண்ணாச்சிமாரே, 8 சென்ட் குட்டை, தண்ணி ஒரு மீட்டர். ஓரங்குலக் குஞ்சா கட்லா, ரோகு கலந்து 20,000 விட்டு 40 நாள் ஆச்சு. ரோகு மூணு அங்குலம் வந்துட்டு. கட்லா ஒன்றரை அங்குலத்துலயே நிக்கி. தலை பெருசு, உடம்பு ஒடுங்கிட்டு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி போடுறேன், பாதி அப்படியே கெடக்கு. விடியக்காலம் மேல வந்து வாய் பிளக்குது. தீவனத்தைக் கூட்டவா?

தாமிரபரணி மீன்காரர்:
கூட்டாதீங்க தம்பி, இன்னைக்கே நிறுத்துங்க. செவுள்ல ஒட்டுண்ணி இருந்தா எரிச்சல்ல சளி கட்டும், பிராணவாயு ஏறாது. மூச்சுக்கே தவிக்கிற மீனுக்குத் தின்னதைச் செரிக்கத் தெம்பு ஏது? அதுலயும் கட்லா செவுள் முள்ளாலதான் மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும். செவுள் கெட்டா இரையும் போச்சு. மிஞ்சின புண்ணாக்கு அழுகினா அம்மோனியா ஏறி ஒட்டுண்ணிக்கே சாதகமாகும்.

மெலிஞ்சது பத்து, நல்லது பத்து பிடிச்சு, உயிரோட இருக்கும்போதே செவுள் மூடியை வெட்டிப் பாருங்க. செத்துக் கெடந்த மீனைப் பார்த்தா ஏமாந்துருவீங்க, ஒட்டுண்ணி கழண்டு போயிருக்கும். செவுள் வெளிறிச் சளியா இருந்தா ஒரு துணுக்கை நுண்ணோக்கியில 100 மடங்குல பாருங்க. தட்டு மாதிரி சுத்தினா டிரைக்கோடினாங்கிற ஒத்தைச் செல் ஒட்டுண்ணி. நீண்டு சுருங்குற புழு, தலையில நாலு கரும்புள்ளின்னா டாக்டைலோகைரஸ்ங்கிற செவுள் புழு.

களக்காடு பண்ணை:
ஒட்டுண்ணி தெரிஞ்சா ஊத்த வேண்டிய மருந்து அளவு சொல்லுதேன். 8 சென்ட்னா சுமார் 324 சதுர மீட்டர், 3,24,000 லிட்டர். பொட்டாசியம் பெர்மாங்கனேட் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்குல 650 கிராம். வாளியில முழுசாக் கரைச்சு, வெயில் ஏறினபிறகு பரவலா ஊத்துங்க. கரையாத துகளைக் குஞ்சு கவ்வினா வாய் வெந்துரும். பாசி செத்து பிராணவாயு குறையும், அதனால ராத்திரியும் தண்ணியில காத்து ஏத்துற மோட்டார் ஓடணும். சேறும் சாணியும் மிகுந்த குட்டையில மருந்து சீக்கிரமே பழுப்பாகி வேலை செய்யாது. ஃபார்மலினோட சேர்க்கவே கூடாது.

டாக்டைலோகைரஸ் முட்டையில மருந்து ஏறாது. பொரிச்சு வாறதைப் பிடிக்க ஏழு நாள் கழிச்சு இன்னொரு தடவை ஊத்தணும். இதை விட்டுட்டுத்தான் பலபேர் மருந்து கேட்கலன்னு சொல்லுதாங்க.

வேற குட்டைக்கு மாத்தி விடுற குஞ்சுக்கு உப்புக் குளியல் போதும்: 10 லிட்டர் குட்டைத் தண்ணிக்கு 200 கிராம் கல்லுப்பு, 2 நிமிஷம். சாய ஆரம்பிச்சா உடனே எடுத்துருங்க.

தாமிரபரணி மீன்காரர்:
முக்கியமா, 20,000 ரொம்ப நெருக்கம். இந்தப் பருவத்துக்கு ஹெக்டேருக்கு 2 முதல் 3 லட்சம்தான்; உங்க 8 சென்டுக்கு 6,500 முதல் 9,700. பாதிக்கு மேல பிரிக்காம எந்த மருந்தும் நிலைக்காது.

ரோகுவையும் பாருங்க. மூங்கில்ல உரசுதுன்னா, மேல்தோல்ல ஒட்டிக்கிற மீன்பேன் இருக்கும். அது முட்டையைக் கெட்டியான பரப்புலதான் ஒட்டும். ஓடோ பலகையோ தண்ணிக்குள்ள போட்டு வச்சு, வாரம் ஒருதரம் எடுத்து வெயில்ல காயப் போடுங்க.

கல்லிடைக்குறிச்சி குட்டை:
சரி அண்ணாச்சி. தீவனம் எப்ப திரும்பப் போட?

களக்காடு பண்ணை:
காலையில வாய் பிளக்கறது நின்னபிறகு. பழைய அளவுல கால் பங்கு தட்டுல வைங்க. ரெண்டு மணி நேரத்துல காலியானா மட்டும் கூட்டுங்க.