வெயிலில் மணமக்களைப் படமெடுக்க எந்த ஃபிளாஷ்?

மும்பை மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் சோனி ஏ7 மூன்றாம் பதிப்புக் கேமராவும், தனியே ஸ்டாண்டில் நிறுத்திய ஒரு ஸ்பீட்லைட்டும் (சிறு ஃபிளாஷ்) கொண்டு திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன். மண்டபத்துக்குள் குறையில்லை, முகூர்த்தம் முடிந்து மணமக்களை முற்பகல் வெயிலில் நிறுத்தி, பின்னணியை மங்கலாக்க லென்ஸ் துளையை எஃப்/2 அளவுக்கு அகலத் திறந்து ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு மேல் கூட்டியவுடன், அந்த வேகத்திலும் ஃபிளாஷ் இயங்க உதவும் ஹை ஸ்பீட் சிங்க் முறையில் ஃபிளாஷின் ஒளி பெரிதும் குறைந்து முகங்கள் இருண்டுவிடுகின்றன. மழைக்காலம் முடிந்ததிலிருந்து இதே நிலைதான்.

விளக்கை அருகே கொண்டுவந்தும் போதவில்லை. ஒளியை மென்மையாக்க ஃபிளாஷில் மாட்டியுள்ள குடையைக் கழற்றினால் பட்டுச் சேலையின் சரிகை வெளுத்துவிடுகிறது, அதை என்னால் ஏற்க முடியாது. லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இட்டு 1/250-லேயே எடுத்தது ஓரளவு பயன் தந்தது. ஆயினும் உள்ளும் வெளியுமாக ஓடும் அவசரத்தில் அதை மாட்டிக் கழற்ற நேரமிருப்பதில்லை. லோக்கல் ரயிலில் தூக்கிச் செல்வதால் எடையும் முக்கியம்.

ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸுடன் இருவரை வெயிலில் எடுக்க 200 வாட்-செகண்ட் ஒளித்திறன் கொண்ட கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ ஃபிளாஷ் போதுமா, அல்லது அதைவிடத் திறன் மிகுந்த ஏடி400 ப்ரோதான் வாங்க வேண்டுமா?