பயோபிராஸ்பெக்டிங்: ‘உயிர்வளத் தேட்டம்’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

காட்டுத் தாவரங்களில் புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடிய சேர்மங்களைத் தேடும் பணிக்கு, அதாவது பயோபிராஸ்பெக்டிங் என்பதற்கு, நம் கலைச்சொல் குழுவில் இதுவரை ‘மூலிகை வேட்டை’, ‘உயிரி அகழ்வு’, ‘உயிர்வள ஆய்வு’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் நடந்த வரலாற்றோடு உரசிப் பார்த்தேன். எதிலும் எனக்கு மனநிறைவு இல்லை.

> ‘மூலிகை வேட்டை’ எளிமையாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

எளிமையை மறுக்கவில்லை, ஐயா. ஆனால் மருந்தென்று ஏற்கெனவே தெரிந்த செடியைத்தானே மூலிகை என்கிறோம்? 1962இல் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலர் ஆர்தர் பார்க்லே, வாஷிங்டன் மாநிலக் காடு ஒன்றில் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அது புற்றுநோயைத் தீர்க்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டு அவர் போகவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக ஆயிரக்கணக்கான தாவரங்களைச் சேகரித்துச் சோதிக்கும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்தக் குவியலில் இதுவும் ஒன்று. வட கரோலினாவில் மன்ரோ வால், மன்சுக் வாணி இருவரும் அந்தப் பட்டையிலிருந்து டாக்சால் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்து 1971இல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். அது செல் பிரிவதை எப்படித் தடுக்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979இல் விளக்கினார். செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் கலைந்து மறுபடி கட்டப்பட்டால்தான் செல் இரண்டாகப் பிரிய முடியும். டாக்சால் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1992இல். பட்டைக்கும் மருந்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! ‘வேட்டை’ என்ற சொல்லில் இந்தப் பொறுமை இல்லை.

நித்தியகல்யாணியின் கதை வேறு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அந்தச் செடியை நீரிழிவுக்கு மருந்தென்று பல நாட்டு மக்கள் பயன்படுத்தினார்கள். கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அங்கிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. அதே செடி தந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய சொல், கண்ணில் பட்டதையெல்லாம் சேகரிக்கும் முறைக்கும், மக்கள் அறிவைப் பின்பற்றிப் போகும் முறைக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

‘அகழ்வு’ ஆங்கில மூலத்துக்கு நெருக்கமானதுதான். ‘பிராஸ்பெக்டிங்’ தங்கம் தேடியவர்களின் சொல். ஆனால் நிலத்தைத் தோண்டும் காட்சியையே ‘அகழ்வு’ மனத்தில் எழுப்பும். ‘ஆய்வு’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதனாலேயே இதைத் தனித்துக் காட்டாது.

நான் முன்வைப்பது ‘உயிர்வளத் தேட்டம்’.

தேட்டம் என்றால் தேடுதல். தேடிச் சேர்த்த பொருளும் தேட்டம்தான். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் ‘தேடியதேட்டம்’ என்ற சொல் இன்றும் வழங்குகிறது. கணவனும் மனைவியும் மணவாழ்க்கையில் ஈட்டிய சொத்து அது. பழைய வழமைப்படி இருவருக்கும் அதில் பாதிப் பாதி உரிமை இருந்தது. தேடலையும், ஈட்டியதையும், அதன் பங்கையும் சேர்த்து நினைக்கவைக்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. இந்தத் துறையில் ஓயாத வழக்கு பங்கைப் பற்றியதுதான். நித்தியகல்யாணி மருந்துகளால் பெரும் பணம் ஈட்டப்பட்டது. மடகாஸ்கருக்குப் பங்கு கிடைக்கவில்லை.

பங்கு கொடுத்த எடுத்துக்காட்டும் உண்டு, புற்றுநோய் சார்ந்தது அல்ல என்றாலும். அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் 1987இல் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைத் திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. தேட்டத்தில் பாதி!

> ‘தேட்டம்’ இலங்கை வழக்கு. தமிழ்நாட்டு மாணவருக்குப் புரியுமா?

தேடு என்ற வினை தெரிந்த எந்த மாணவருக்கும் ஒரு முறை சொன்னால் போதும், அம்மா. ஓட்டம், ஆட்டம், நாட்டம் போன்ற அமைப்புத்தானே? ஈழத்தில் உயிரோடு இருக்கும் சொல்லை இங்கே புதிது என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. கலைச்சொல் இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. இப்பணியைச் செய்பவர் தேட்டாளர். அனுமதியும் பங்கும் இல்லாமல் எடுத்துக்கொண்டு போனால் அது உயிர்வளக் கொள்ளை. ‘உயிர்வள’ என்ற முன்பகுதி இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால், தேட்டம் எங்கே கொள்ளையாக மாறுகிறது என்று எழுதுபவர் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு பத்தியில் வைத்துப் பார்க்கிறேன்: “சீன மரம் ஒன்றிலிருந்து 1966இல் பிரித்தெடுக்கப்பட்ட புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மமான கேம்ப்டோதெசின், மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்டஸ் மரத்திலும் இருப்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் முன்னர்ப் பேராசிரியராக இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் 1972இல் அறிவித்தனர். இந்த உயிர்வளத் தேட்டத்துக்குப் பின் அம்மரம் பெருமளவில் வெட்டப்பட்டது.” எனக்கு நெருடவில்லை. உங்களுக்கு நெருடினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.

பல மாதிரிகளைச் சோதித்து வேண்டியதைப் பிரிக்கும் ஸ்கிரீனிங் என்பதற்கு வந்த ‘சலிப்பாய்வு’ வேண்டாம் என்பது என் கருத்து; படிப்பவருக்கு அலுப்புத்தான் நினைவுக்கு வரும். ‘சலித்தெடுப்பு’ என்று வைக்கலாம். இந்த அனுமதியையும் பங்கையும் முறைப்படுத்தும் தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இரண்டு சொற்களும் இங்கே முடிவானால், 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தைத் தமிழில் விளக்கும் கையேடுகளில் சேர்க்கும்படி ஆணையத்துக்கு எழுதலாம். மடலை நான் வரைந்து இங்கே இடுகிறேன்.