ஸ்பிரிங் மாற்றினேன், ஷாக் மாற்றினேன், சத்தம் மட்டும் போகவில்லை

மண்பாதைக்காரன்:

ஏழு மாதமாக என் வண்டியின் பின்பக்கம் ஒரு சத்தம். மேட்டைத் தாண்டியதும் 'டொங்' என்று, யாரோ அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் ஒரு போடு போட்ட மாதிரி. மேட்டில் ஏறும்போது வராது. பின் சக்கரம் மேட்டை விட்டு இறங்கி, வண்டி எழும்பும்போதுதான் வரும். இந்த ஒன்றை அன்றே கவனித்திருந்தால் இரண்டு செட் ரப்பர் புஷ்ஷும் ஒரு ஜோடி ஷாக்கும் மிச்சமாகியிருக்கும்.

முன்னும் பின்னும் லைவ் ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே கட்டையாக இணைப்பது), நான்கு பக்கமும் காயில் எனும் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டி. கம்பெனி ஸ்பிரிங்கில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூரையில் ரேக், டிக்கியில் டிராயர், இரண்டாவது பேட்டரி என்று ஒவ்வொன்றாக ஏற்றியதில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. 50 மி.மீ. உயர்த்தும் ஸ்பிரிங் தேடினேன். அதில் மூன்று வகை இருந்தது: சுமையே இல்லாதவர்களுக்கு ஒன்று, எப்போதும் 150 கிலோ வரை சுமப்பவர்களுக்கு ஒன்று, 300 கிலோவுக்கு ஒன்று. எதற்கும் இருக்கட்டுமே என்று 300 கிலோவை எடுத்தேன். பெரியதாக வாங்கி வைத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற நினைப்பு.

பூட்டி முடித்து வண்டியைத் தள்ளி நின்று பார்த்தபோது அவ்வளவு அழகு. மறுநாள் மண்பாதையில் இறக்கினேன். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த என் தம்பி, "அண்ணே, இது வண்டியா குதிரையா?" என்றான்.

தூக்கித் தூக்கிப் போட்டது. காரணம் யோசித்தேன். ஸ்பிரிங் கெட்டியானதும் அழுந்தித் திரும்பும் வேகம் கூடிவிட்டது, அதைப் பிடித்து நிறுத்தும் தெம்பு பழைய ஷாக்குக்கு இல்லை. சரி, ஷாக்கையும் மாற்றுவோம். ஷாக்கின் கெட்டித்தன்மையைத் திருகி மாற்றும் கிளிக்கர் வைத்த, ஒற்றைக் குழாய் மோனோடியூப் ஷாக் வாங்கினேன். நீளம் பழைய ஷாக்கின் அதே நீளம். துள்ளல் பாதியாகக் குறைந்தது. 'டொங்' மட்டும் குறையவில்லை, இன்னும் கூர்மையாகக் கேட்டது.

அடுத்து புஷ் போயிருக்கும் என்று முடிவுகட்டி, ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் இரண்டையும் மாற்றினேன். நான்கு மாதத்தில் அதுவும் கிழிந்தது. தப்பு என்னுடையதுதான். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டேன். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் பாதி முறுக்கில் நிற்கும். போல்ட்டைக் கோர்த்து விட்டு, வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகுதான் கடைசி முறுக்கு. கையேட்டில் இருந்தது. நான் படிக்கவில்லை.

அப்புறம்தான் அளக்க உட்கார்ந்தேன்.

முதலில் எடைமேடை. பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி இரண்டு முறை எடை போட்டேன்: ரேக், டிராயர், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி ஒருமுறை, மாட்டி ஒருமுறை. வித்தியாசம் 110 கிலோ. நான் வாங்கியதோ 300 கிலோ ஸ்பிரிங். மீதி 190 கிலோ வண்டியில் இல்லவே இல்லை. ஒரு பக்கத்துக்கு 95 கிலோ, அதாவது ஏறக்குறைய 930 நியூட்டன். என் ஸ்பிரிங்கின் ரேட், அதாவது அதை ஒரு மி.மீ. அழுத்தத் தேவையான விசை, 35 நியூட்டன். வகுத்துப் பார்த்தால் சுமார் 27 மி.மீ. வரும். 50 உயர வேண்டிய வண்டி 77 உயர்ந்து நிற்க வேண்டும். டேப் வைத்து சக்கரத்தின் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன், பழைய அளவைவிட 75 கூடுதல். என் வாழ்க்கையில் கணக்கு இவ்வளவு சரியாக வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து ஷாக். தூசி மூடியை மேலே தள்ளி, பளபளவென்று இருக்கும் ராடில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, சீலை ஒட்டினாற்போல் இறக்கி வைத்தேன். வழக்கமான பாதையில் ஒரு சுற்று போய் வந்து பார்த்தால் டை 55 மி.மீ. நகர்ந்திருந்தது. ஆக்ஸில் மேலே போய் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பைத் தொட 120 வேண்டும். ஆக, நான் ஏழு மாதமாக நினைத்த மாதிரி அடியில் போய் இடிக்கவே இல்லை. பாதி தூரம்கூட அழுந்தவில்லை.

அப்படியானால் சத்தம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. சேஸிஸில் ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்கினேன். ஹப் 38 மி.மீ. இறங்கியதும் ஷாக் முழுதாக நீண்டு நின்றுவிட்டது, அதற்குமேல் ஆக்ஸில் தொங்கியதே ஷாக்கைப் பிடித்துக்கொண்டுதான். வண்டி 75 உயர்ந்திருக்கிறது, ஷாக் பழைய நீளம். இறங்குவதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு மேட்டைத் தாண்டும்போதும் ஸ்பிரிங் ஆக்ஸிலைக் கீழே உதைக்க, ஷாக் கயிறு மாதிரி இழுத்து நிறுத்தியிருக்கிறது. அந்தச் சத்தம்தான் 'டொங்'. கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஷாக்கின் மேல் மவுண்ட் பிய்ந்திருக்கும்.

இப்போது இருப்பது 150 கிலோ ஸ்பிரிங், 40 மி.மீ. நீளம் கூடுதலான ஷாக். நீளமான ஷாக் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அது முழுதாக மடங்குவதற்கு முன்பே பம்ப் ஸ்டாப் தொட்டாக வேண்டும். நான் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, ஷாக்கை மட்டும் மாட்டி, ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றிப் பார்த்தேன். ராடு இன்னும் 20 மி.மீ. வெளியே தெரிந்தது. தெரியாமல் போயிருந்தால் முதல் பெரிய குழியிலேயே ஷாக் முட்டுக்கொடுத்து உடைந்திருக்கும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

முன்பக்கக் கதை சின்னது. உயர்த்தியதில் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாய்ந்தது. காஸ்டர் திருத்தும் புஷ் போட்டதும் சரியானது. ஆக்ஸிலைக் குறுக்கே சேஸிஸோடு இணைக்கும் பன்ஹார்ட் ராடு அதைப் பக்கவாட்டில் சில மி.மீ. தள்ளியிருந்தது, நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஹெட்லைட் மரத்துக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதையும் இறக்கினேன்.

பட்டை பிக்கப்:

நீங்கள் காயில்காரர், தப்பித்தீர்கள். என்னுடையது பின்னால் லீஃப், அதாவது அடுக்குப் பட்டை ஸ்பிரிங். சுமைக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். பட்டைக்கட்டை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே திரும்பப் போட்டேன். யூ போல்ட் ஒருமுறை முழுதாக முறுக்கினால் நீண்டுவிடும், மறுபடி அதே பிடி கிடைக்காது. புதுப் பட்டை அமர்ந்த பிறகு சில நூறு கிலோமீட்டரில் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் மறந்தேன்.

ஒருநாள் வண்டி நேராகப் போக, ஸ்டீயரிங் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயர் காற்று என்று நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரம் மட்கார்டின் பின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. யூ போல்ட் தளர்ந்ததால் பட்டைக்கட்டின் நடுபோல்ட் வெட்டுப்பட்டு, ஆக்ஸில் ஒரு பக்கம் இரண்டு விரல் அளவு பின்னால் போயிருந்தது. நடுபோல்ட் ஆக்ஸிலை இடத்தில் நிறுத்தும் அடையாளம் மட்டும்தான், பிடித்து வைப்பது யூ போல்ட்டின் இறுக்கம். இது தெரிந்தது அன்றைக்குத்தான், அதுவும் நடுக்காட்டில், மழையில்.

இன்னொன்று. சுமை இல்லாத நாளில் அந்தக் கூடுதல் பட்டை முதுகெலும்பை எண்ண வைத்துவிடும். பட்டை சேர்த்ததால் வண்டி சுமக்கக்கூடிய மொத்த எடையும் கூடிவிடாது. ஆக்ஸில், பிரேக், சேஸிஸ் எல்லாம் அதேதான்.

புதுசு:

அண்ணே, ஒரு சந்தேகம். என்னுடையது முன்பக்கம் காயில் ஓவர், ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். வண்டி மெத்தென்று இருக்கிறது, ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் திருகு வளையமான காலரைக் கீழே திருகினால் கெட்டியாகும் என்றார்கள். ஒரு அங்குலம் திருகினேன். உயர்ந்தது, ஆனால் பிரேக் அடித்தால் முன்பு போலவே மூக்கைக் குத்துகிறது. ஏன்?

மண்பாதைக்காரன்:

தம்பி, காலரைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகாது, உயரம்தான் மாறும். நேர்சுருள் ஸ்பிரிங்கின் ரேட்டைத் தீர்மானிப்பது கம்பியின் உலோகம், அதன் கனம், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். கம்பி கனம் நான்காம் அடுக்கில் வேலை செய்யும். கம்பியைப் பத்தில் ஒரு பங்கு தடிப்பாக்கினால் ரேட் 46 சதவீதம் ஏறிவிடும். காலருக்கு அந்த வேலை தெரியாது. நீ செய்ததில் கீழிறங்கும் இடத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டாய், என் கதைதான். பழைய இடத்துக்குத் திருப்பு.

மூக்குக் குத்துவது மெதுவான அசைவு. உன் ஷாக்கில் லோ ஸ்பீடு கம்ப்ரெஷன் (மெதுவாக அழுந்துவதைக் கட்டுப்படுத்தும்) கிளிக்கர் இருந்தால் அதை இரண்டு கிளிக் ஏற்றிப் பார். இங்கே ஸ்பீடு என்பது ஷாக் ராடு நகரும் வேகம், வண்டியின் வேகம் இல்லை. நூறில் போகும்போது லேன் மாறுவதும் லோ ஸ்பீடுதான், இருபதில் கல்லில் ஏறுவது ஹை ஸ்பீடாக இருக்கும். திருகுவதற்கு முன் முழுதாக மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணி, எழுதி வை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான் ஒருநாள் நாலையும் திருகிவிட்டு, எது எங்கே இருந்தது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

நெடும்பயணி:

ரீபவுண்ட், அதாவது அழுந்திய ஷாக் திரும்பி நீள்வதைக் கட்டுப்படுத்துவது பற்றி யாரும் சொல்லவில்லையே. வண்டி துள்ளக்கூடாது என்று நான் ரீபவுண்டை ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டேன். வீட்டு வாசலில் அமுக்கிப் பார்த்தால் பட்டு மாதிரி எழும்பியது. வரிவரியாக அலை விழுந்த மண்சாலையில் போனதும், முதல் நூறு மீட்டர் நன்றாக இருந்து, பிறகு கட்டை வண்டி ஆகிவிட்டது. ஒரு அலையில் அழுந்திய சக்கரம் திரும்பி நீள்வதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. இப்படியே அழுந்தி அழுந்தி, கடைசியில் பம்ப் ஸ்டாப் மேலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்கு கிளிக் திறந்ததும் வண்டி மூச்சு விட்டது.

அதே சாலையில் நண்பருடைய வண்டியில் சாதாரண ட்வின்டியூப் (இரட்டைக் குழாய்) ஷாக். ஒரு மணி நேரம் போனதும் படகு மாதிரி ஆட ஆரம்பித்தது. நிறுத்தி ஷாக்கைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. ஷாக்கின் வேலையே அசைவை வெப்பமாக்குவதுதான். எண்ணெய் சூடேறி இளகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நுரைத்தால் வால்வுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. மோனோடியூப்பில் நைட்ரஜனை மிதக்கும் பிஸ்டன் தனியாகப் பிரித்து வைப்பதால் நுரை விழாது, எண்ணெயும் வெளிச்சுவரை நேராகத் தொடுவதால் சீக்கிரம் ஆறும். ஆனால் சுவரில் கல் அடித்து நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கும், அதையும் பார்த்திருக்கிறேன்.

அன்று நாங்கள் செய்தது ஒன்றுதான்: அரை மணி நேரம் ஆறவிட்டு, டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 24-க்கு இறக்கி, வேகத்தைக் குறைத்தோம். பாதி குலுக்கல் அங்கேயே போனது. மண்பாதைக்காரன் அண்ணே, கிளிக்கர் திருகும்போது உங்கள் டயரில் காற்று எவ்வளவு இருந்தது?

மண்பாதைக்காரன்:

மாட்டிக்கொண்டேன். கிளிக் எல்லாம் நோட்டில் இருக்கிறது, டயர் காற்றை எழுதவே இல்லை. ஒருநாள் 34, ஒருநாள் 26 என்று இருந்திருக்கும்.

கேபிள் டை இன்னும் ராடிலேயே இருக்கிறது. சனிக்கிழமை காலை டேங்கை நிரப்பி, காற்றை 24-இல் வைத்து, அதே பாதையில் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். டை எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று வந்து சொல்கிறேன்.