கோடைத் தொடக்கத்தில் வீட்டுத் தோட்டத்தில் பூத்தவை: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

இரங்கூன்கொடி:
ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்ட இரங்கூன் மல்லி இந்த வாரம்தான் கொத்துக் கொத்தாய்ப் பூக்க ஆரம்பித்திருக்கிறது. சாயங்காலம் வெள்ளையாய் விரிந்து, மறுநாள் ரோஸ் ஆகி, அப்புறம் சிவக்கும் கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். நேற்று இருட்டுகிற நேரத்தில், அப்போதுதான் விரிந்த ஒரு வெள்ளைப் பூவுக்கு முன்னால் விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. உட்காரவே இல்லை. இறக்கை இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு கலங்கல்தான் தெரிந்தது. முகத்துக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த குழலை நீட்டி, அந்தப் பூவின் நீளக் குழாய்க்குள் விட்டது பாருங்கள், அதன் இறக்கைக் காற்றில் கொத்து முழுவதும் தலையாட்டியது! பக்கத்திலேயே சிவந்த பூக்கள் அத்தனை இருந்தும் ஒன்றைக்கூடத் தொடவில்லை, வெள்ளையாய்ப் பார்த்துப் பார்த்துப் போனது. ஒரு கை தூரத்தில் நின்றேன், என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பையன் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) என்கிறான். எனக்குப் பூச்சி என்றுதான் படுகிறது. ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

சருகுமூட்டை:
பூச்சிதான். பருந்து அந்துப்பூச்சி. ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு, தவிர நீங்களே சொல்லிவிட்டீர்கள், சுருட்டி வைத்திருந்த குழல் என்று. எந்தப் பறவைக்கும் அலகு சுருளாது. இருட்டில் வெள்ளைதான் எடுப்பாகத் தெரியும், அதனால்தான் சிவப்பு பக்கம் போகவில்லை. சிவந்த பூவுக்குப் பகலில் பட்டாம்பூச்சியும் தேனீயும் வரும், நின்று பாருங்கள்.

நடுநிசி:
என்னுடையது நிஷாகந்தி. மொட்டு நாள்கணக்கில் தொங்கிக்கொண்டே இருந்து, விரிவதற்குக் கொஞ்சம் முன்னால் காம்பு வளைந்து முகத்தை நிமிர்த்திக்கொள்ளும் இல்லையா, அதைப் பார்த்ததும் இன்றைக்கு ராத்திரி என்று தெரிந்துவிட்டது. தொட்டி மாடியில். அம்மாவால் படி ஏற முடியாது, கீழே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றால், "வேண்டாம்டி, நகர்த்தினால் உதிர்ந்துவிடும், நீ பார்த்துவிட்டு வந்து சொல்லு" என்றார்கள். சரி என்று நான் மட்டும் மேலே உட்கார்ந்திருந்தேன். வெளிப்பக்கத்துச் செம்பழுப்பு இதழ்கள் முதலில் விலகின. அப்புறம் உள்ளே இருந்த ஒரு வெள்ளை இதழ் மற்றதிலிருந்து பட்டென்று விடுபட்டது, அந்த வேகத்தில் மொட்டே ஒரு முறை அதிர்ந்தது. பூ அசைவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நடு ராத்திரியில் முழுசாய் விரிந்து, மாடி பூராவும் அந்த மணம். விடியும்போது துவண்டு தொங்கிவிட்டது. போய் அம்மாவிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், சிரித்தார்கள். ஆனாலும் அவர்கள் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

மண்வாசம்:
நடுநிசி, அம்மா சொன்னதில் பாதி சரி. பிஞ்சு மொட்டாக இருக்கும்போது வெளிச்சமும் தண்ணீரும் திடீரென்று மாறினால் உதிரும், உண்மை. விரிய ஆரம்பித்த பூ தொட்டியைத் தூக்கியதற்காகப் பாதியில் நின்றுவிடாது. அடுத்த முறை தாராளமாகக் கீழே கொண்டு போங்கள், ஆட்டாமல் தூக்கினால் போதும். எங்கள் வீட்டில் மல்லிகை, ஒரு நாள் காலையில் மொட்டெல்லாம் ஊதா படிந்து நூலால் பிணைத்தாற்போல் இருந்தது, ஒன்றைப் பிரித்தால் உள்ளே புழு, அவ்வளவுதான் என் கதை. மொட்டுப்புழு வந்தால் அந்த மொட்டுகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிடுங்கள், செடியடியில் உதிர்த்துப் போடாதீர்கள். கோடையில் மல்லிகை பூக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள், குளிர்காலம் முடியும் சமயத்தில் கவாத்து செய்தீர்களா என்று பாருங்கள். புதுத் துளிர் நுனியில்தான் மொட்டு கட்டும், பழைய கிளையை அப்படியே விட்டு வைத்தால் எங்கிருந்து பூ வரும்? தழைச்சத்து அதிகமுள்ள உரத்தைக் கொட்டினால் இலை மட்டும் கொழுக்கும். நாள் முழுக்க வெயில் படும் இடம் வேண்டும். தண்ணீர் மேல்மண் காய்ந்த பிறகு, வேர் நனைகிற மாதிரி. இலையில் தெளித்துவிட்டுப் போவதெல்லாம் தண்ணீர் விட்டதாகாது. பூ ஒரு சுற்று ஓய்ந்ததும் நுனியை லேசாக நறுக்கிவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

நடுநிசி:
மல்லிகை பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் தூக்கலாம் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி. இதே செடியில் இன்னொரு மொட்டு இருக்கிறது.

கருவண்டு:
பேஷன் ஃப்ரூட் கொடி. ஊதாப் பழம் காய்க்கிற ரகம், காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். முதல் பூ விரிந்த அன்றைக்கே பெரிய கருவண்டு ஒன்று வந்தது, பலர் வண்டு என்கிறோம், உண்மையில் அது தச்சுத் தேனீ. பூவின் நடுவில் தேன் குடிக்க அது சுற்றி வரும்போது, மேலே குடை பிடித்தது போல இருக்கும் மகரந்தப் பைகள் அதன் முதுகில் சரியாக உரசின. கறுப்பு முதுகில் மஞ்சள் பொடி. அடுத்த பூவில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி மூன்றும் ஏற்கெனவே கீழே வளைந்து காத்திருந்தன, அதே முதுகு அங்கேயும் உரசியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் மருந்துத் தெளிப்பானோடு சுவர் ஓரம் வந்து, "கொட்டிவிடும் தம்பி, தள்ளு" என்றார். அக்கறையில்தான் சொன்னார். நான் கொடிக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஐயா, இது வரவில்லை என்றால் காய் குறைந்துவிடும்" என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு சுவர் ஓரம் வரவே இல்லை.

சருகுமூட்டை:
நல்ல வேலை செய்தீர்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது, முகத்துக்கு நேரே வந்து மிரட்டும், அவ்வளவுதான். பெண் தேனீயும் நாம் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும்.

மண்வாசம்:
இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மரப் பந்தலைத் துளைத்துவிடும். உத்தரத்தில் விரல் நுழைகிற ஓட்டை, கீழே மரத்தூள், பார்த்திருக்கிறேன்.

கருவண்டு:
துளைப்பது காய்ந்த மரத்தை, கொடியை இல்லை. உத்தரத்துக்கு வர்ணம் பூசிவிட்டு, தோட்டத்து மூலையில் ஒரு பட்டுப்போன கட்டையைப் போட்டு வையுங்கள், அதில் குடியிருக்கட்டும். பூ பூக்கிற நேரத்தில் மருந்து மட்டும் அடிக்காதீர்கள், யார் தோட்டமானாலும் சரி.

தொட்டிக்காரி:
மாடி வீட்டில் இருந்தவர்கள் காலி செய்துகொண்டு போகும்போது ஒரு தொட்டியைக் கொடுத்து, "உள்ளே ஒன்றும் இல்லை, மண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்த அம்மா. குளிர்காலம் பூரா வெறும் மண்தான். கோடையின் முதல் மழை பெய்த பிறகு புள்ளி போட்ட ஒரு தண்டு மூக்கை நீட்டியது, கொஞ்ச நாளில் அதன் உச்சியில் சிவப்புப் பந்து! ஃபுட்பால் லில்லி. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஒரே பூ இல்லை, ஊசி ஊசியாய் நீட்டிய இதழோடு எத்தனையோ சின்னப் பூக்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் தூள். கிழங்கு செத்துவிட்டது என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார், பாவம். அவர் எண் என்னிடம் இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. இது அவருடைய பூ.

சருகுமூட்டை:
பூ வாடியதும் தண்டை வெட்டிவிடுங்கள், இலையைத் தொடாதீர்கள், அது தானாக மஞ்சளாகும் வரை கிழங்குக்குச் சாப்பாடு அதுதான். இலை உதிர்ந்தபின் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். குழந்தையோ நாயோ பூனையோ இருந்தால் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள், கிழங்கு நஞ்சு. பக்கத்தில் குட்டிக் கிழங்கு விடும், அதில் ஒன்றைத் தனித் தொட்டியில் வைத்து வையுங்கள், அந்த அம்மாவை எங்கேயாவது பார்த்தால் கொடுக்கலாம்.