ரீகோல் கடிதம் ஜப்பானில், வாகனம் கொழும்பில்: யார் பொறுப்பு?

வெள்ளவத்தை_6:
நடந்ததை முதலில் சொல்கிறேன். என்னுடையது 2015 ஹைபிரிட் எஸ்யூவி, ஜப்பானில் ஓடி ஏலத்தில் எடுத்து வந்தது, இங்கே ஒரு கார் சேலில் வாங்கினேன். கம்பனிப் பெயர் போடவில்லை, போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பெயரையே சுற்றும். போன மாதம் ஒரு பின்னேரம் காலி வீதியில் சவோய் தியேட்டரைத் தாண்டி வரும்போது டாஷ்போர்டில் வெசாக் பந்தல் மாதிரி எல்லா லைட்டும் ஒரேயடியாகப் பற்றின, ஸ்டியரிங் இறுகிவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை, பின் சீட்டில் பிள்ளைகள். பலம் கொண்டமட்டும் திருப்பி ஓரங்கட்டினேன். ஓஃப் பண்ணித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

கராஜில் ஸ்கேன் போட்டார்கள். வோல்டேஜ் குறைவு என்று ஒரு கோட் வந்தது, அதை அழித்துவிட்டு சரி என்றார்கள். அடுத்த கிழமை மறுபடியும் அதே கதை. கம்பனியின் இலங்கை ஏஜென்டிடம் போனால் “இது நாங்கள் விற்ற வாகனம் இல்லை” என்றார்கள். விற்றவரிடம் போனால் ஏலத்தில் வாகனத்தின் நிலைமையைப் பார்த்துக் கிரேட் போடும் ஓக்‌ஷன் ஷீட்டைக் காட்டி “நாலரை கிரேட், இதற்குமேல் என்ன வேண்டும்” என்கிறார். இந்த மொடலுக்கு ஜப்பானில் ரீகோல் வந்திருக்கிறது, அதாவது பிழையைத் திருத்தக் கம்பனியே வாகனங்களைத் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். என் வாகனத்துக்கு அந்த வேலை செய்தார்களா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியவன் யாரிடம் போய்க் கேட்பது?

பஞ்சிகாவத்தை_வயர்:
தம்பி, கோபிக்க வேண்டாம். வாகன வயரிங்தான் என் தொழில், அதனால் நேரே கேட்கிறேன். டாஷ்போர்டில் பாட்டு, படம் போடும் அண்ட்ரொய்ட் பிளேயர் போட்டீர்களா? ரிவர்ஸ் கெமரா? அலாரம்? கடைசியாகப் பற்றறி மாற்றியது யார்?

ரீகோல், ரீகோல் என்று இப்போது எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். என்னிடம் “எலெக்ட்ரிக் ஃபோல்ட்” என்று வரும் வாகனங்களில் பாதிக்கு மேல் இங்கே வந்தபிறகு எவனோ கைவைத்தவை. பியூஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டால் நல்ல வயரைப் பிளேட்டால் சுரண்டி, இன்னொரு வயரை அதில் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும், செம்பு வெளியே தெரியும். அதோடு மரைன் டிரைவ் பக்கம் வாகனம் நிற்கிறதென்றால் கடல் காற்று வேறு. எர்த் வயர் வாகனத்தின் உடம்பில் பூட்டியிருக்கும் இடத்தில் பச்சையாகப் பூத்துப்போயிருக்கும், கண்ணால் பார்க்காமல் ஸ்கேன் மெஷினில் அது தெரியாது.

ஹைபிரிட்டில் பெரிய பற்றறியைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுவது அந்தச் சின்ன 12 வோல்ட் பற்றறியில். அதற்கு எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஒல்டனேட்டர் கிடையாது, பெரிய பற்றறியிலிருந்து கன்வேர்ட்டர் வழியாகத்தான் சார்ஜ் போகும். 12 வோல்ட் சரிந்தால் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும் ஸ்டியரிங் மோட்டார்தான் முதலில் கைவிடும். நீங்கள் சொல்வது அப்படியே அதுதான்.

வெள்ளவத்தை_6:
அண்ணை, நான் ஒன்றுமே பூட்டவில்லை. பிளேயரை மாற்றியது விற்றவர், ஜப்பான் பாஷை பிளேயர் இங்கே விலைப்படாது என்று எல்லாக் கார் சேலிலும் செய்வதுதானே. அப்படியென்றால் அதற்கும் நான்தானா பொறுப்பு? வயரிங் பிழையோ பெக்டரிப் பிழையோ, ஓடும்போது ஸ்டியரிங் இறுகுவது உயிர் போகிற விஷயம்.

பழைய_மொன்டெரோ:
ஒரே வருடத்தில் திரும்பத் திரும்ப ரீகோல் வந்த மொடல்களை நம் ஆட்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அப்போதே சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. ரீகோல் லிஸ்ட் நீளம் என்றால் வாகனம் சரியில்லை, இதில் ஆராய என்ன இருக்கிறது? கம்ப்யூட்டர் குறைந்த பழைய டீசல் ஜீப் எடுத்தால் நடுரோட்டில் ஸ்டியரிங் இறுகாது. நான் இன்றைக்கும் அதில்தான் யாழ்ப்பாணம் போய் வருகிறேன்.

கொட்டாஞ்சேனை_13:
மொன்டெரோ அண்ணா, இதை என்னால் ஏற்க முடியாது. ரீகோல் வருவது வெட்கமில்லை, பிழையை மூடி வைப்பதுதான் வெட்கம். நீங்கள் சொல்வது ஹொண்டா வெஸலைத்தானே? 2013 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2014 இல் வெஸல் ஹைபிரிட்டுக்கும் ஃபிட் ஹைபிரிட்டுக்கும் கியர்பெட்டி, எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக ரீகோல் வந்தது. ஒக்டோபரில் மின்சுற்றுக் கோளாறுக்காக ஃபிட், வெஸல் என்று 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அந்தச் சமயம் கம்பனித் தலைவர் உட்பட மேல்மட்டத்தில் இருந்தவர்களின் சம்பளத்தையே வெட்டினார்கள். அங்கே ஒரு பிழைக்கு அவ்வளவு தூரம் பதில் சொல்கிறார்கள். இங்கே அதே வாகனத்தை வாங்கியவருக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட வருவதில்லை. ஏனென்றால் கடிதம் போவது ஜப்பானில் பதிவிலுள்ள சொந்தக்காரருக்கு. வாகனம் கப்பலேறியதோடு அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது.

பழைய வாகனம் பாதுகாப்பு என்பதும் பிழை. டகாட்டா கம்பனியின் எயார்பேக் கதையைப் பாருங்கள். எயார்பேக்கை ஊத வைக்க அதிலிருந்த அமோனியம் நைத்திரேட் வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் கிடந்து கெட்டு, மோதும்போது உலோகக்கூடு வெடித்துத் துண்டுகள் பறக்கின்றன. உலகம் முழுக்க 10 கோடி அளவில் அந்த எயார்பேக் ஊதிகளைத் திருப்பிக் கூப்பிட்டார்கள், அந்தக் கம்பனி 2017 இல் வங்குரோத்தானது. வெப்பம், ஈரம், வருடங்கள், மூன்றும் கொழும்பில் இருக்கின்றன. 2014 இல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணிப் பெண் இதனால் இறந்தார், அங்கேயும் நம்முடையது மாதிரிக் காலநிலைதான்.

வெள்ளவத்தை தம்பி, ரோட் சைட் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் வாகனத்தில் பொறித்திருக்கும் அடையாள நம்பரை, செசி நம்பரை எடுங்கள். ஜப்பான் வாகனத்துக்கு 17 இலக்க நம்பர் இருக்காது, வெஸல் ஹைபிரிட் என்றால் ஆர்யூ3 என்று தொடங்கும் மாதிரிக் குறுகிய நம்பர். அமெரிக்கத் தளத்தில் போட்டால் ஒன்றும் வராது. அந்தந்தக் கம்பனியின் ஜப்பான் தளத்தில் போட வேண்டும், செய்ய வேண்டிய ரீகோல் இருந்தால் காட்டும். ஜப்பானிய மொழியில்தான் வரும், போனில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம்.

பஞ்சிகாவத்தை_வயர்:
ரோட் சைட் மெக்கானிக் என்று என்னைச் சொன்னீர்களோ தெரியாது, அக்கா, இருக்கட்டும். ரீகோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரீகோல் லிஸ்டைப் பார்த்துவிட்டுத் தன் வாகனத்தில் இருப்பதைப் பார்க்காமல் விடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். 2023 நவம்பரில் டொயோட்டா அமெரிக்காவில் 18 இலட்சத்துக்கு மேல் ராவ்4 எஸ்யூவிகளைத் திருப்பிக் கூப்பிட்டது, 2013 முதல் 2018 வரை வந்த மொடல்கள். எதற்கு? மாற்றிப் போடும் 12 வோல்ட் பற்றறிகளில் சிலவற்றின் மேற்பக்கம் சின்னது, பிடிக்கும் கிளாம்பை ஒழுங்காக இறுக்காவிட்டால் வளைவில் வேகமாகத் திருப்பும்போது பற்றறி நகர்ந்து பிளஸ் முனை கிளாம்பில் முட்டி ஷோர்ட்டாகித் தீப்பிடிக்கலாம். அதாவது பெக்டரியில் வந்த பற்றறி இல்லை, பிறகு ஒருவன் மாற்றிய பற்றறி. இங்கே எத்தனை கடையில் சைஸ் பார்த்துக் கிளாம்ப் பூட்டுகிறார்கள்? பாதி வாகனத்தில் ரப்பர் துண்டைச் செருகி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தை_6:
அண்ணை, அந்த உதாரணம் எனக்குச் சார்பாகத்தான் இருக்கிறது. எவனோ பிழையாகப் பூட்டிய பற்றறிக்கும் கம்பனி பொறுப்பெடுத்துத் திருப்பிக் கூப்பிட்டதுதானே!

கொட்டாஞ்சேனை_13:
அதேதான். இன்னொன்றும் பாருங்கள். ஹூண்டாயும் கியாவும் 2023 செப்டெம்பரில் அமெரிக்காவில் 33 இலட்சத்துக்கு மேல் வாகனங்களை, பிரேக் போடும்போது சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டுக்காகத் திருப்பிக் கூப்பிட்டன. அந்த யூனிட்டுக்குள்ளேயே பிரேக் ஒயில் கசிந்து சர்க்கிட் போர்டில் பட்டால் ஷோர்ட்டாகும். எஞ்சின் ஓஃப் ஆனாலும் அதற்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கும், அதனால் நிறுத்தி வைத்த வாகனமே பற்றலாம். வேலை முடியும்வரை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள், வெளியே விடுங்கள் என்றார்கள். சொந்தக்காரர் எவரும் வயரைச் சுரண்டவில்லை, டேப் சுற்றவில்லை. இதில் ஓட்டோ எலெக்ட்ரீஷியன் என்ன செய்ய முடியும்? கொழும்பில் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துகிறோம், ஒரு வாகனம் பற்றினால் மேலே இருக்கும் குடும்பங்களின் கதி என்ன?

பஞ்சிகாவத்தை_வயர்:
அதற்கு அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா, அக்கா? பியூஸ் மாற்றினார்கள். கூடிய கரண்ட் போகாமல் பியூஸ் போய்விடும், தீப்பிடிக்காது, அவ்வளவுதான். ஒயில் கசியும் யூனிட் அதே யூனிட். கசிவை நிறுத்தாமல் பியூஸை மட்டும் மாற்றுவது எனக்கு வேலையாகத் தெரியவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமும் அதே வருடம் இந்த ரீகோல்கள் போதுமானவையா என்று ஆராயத் தொடங்கியது. ரீகோல் செய்த பேப்பர் கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

புதுக்கடை_12:
சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது, முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் ஏசி நன்றாகக் குளிர்கிறதா என்று பார்ப்பதிலேயே போய்விடும், வயரிங் பிழை தலைகாட்ட ஒரு மழைக்காலமாவது வேண்டும். அதனால் வாங்கும்போதே பில்லில் எழுதி வாங்குங்கள்: செசி நம்பர் இது, செய்யாத ரீகோல் இல்லை, பின்னர் பூட்டிய மின்சாதனங்கள் இவை. எழுதித் தராவிட்டால் வாங்காதீர்கள்.

இந்தியாவில் 2021 ஏப்ரலிலிருந்து அரசாங்கமே கட்டாய ரீகோலுக்கு உத்தரவிடலாம், தண்டமும் விதிக்கலாம். அமெரிக்காவில் 15 வருடம்வரை ரீகோல் வேலை இலவசம். இங்கே வருட லைசன்ஸ் எடுக்கப் போனால் இன்சூரன்ஸ் கேட்பார்கள், புகைச் சான்றிதழ் கேட்பார்கள். செய்யாத ரீகோல் இருக்கிறதா என்று நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் ஒருவரும் கேட்பதில்லை. வாகனம் பெயர் மாறும்போதாவது அந்த ஒரு பேப்பரைக் கட்டாயமாக்க வேண்டும்.

யூனியன்_பிளேஸ்:
நான் வாகனம் இறக்குபவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் நாட்டுக்குள் இருந்த அதே பழைய வாகனங்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடின. மூன்றாவது கையில் வாங்கியவர் முதலில் இறக்கியவனிடம் வந்து ரீகோல் பேப்பர் கேட்டால் நான் எங்கே போவேன்? பற்றறியை யார் மாற்றினார், பிளேயரை யார் பூட்டினார், வெள்ளத்தில் ஓடியதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நிர்மாணித்த கம்பனிதான் பிழை விட்டது, ஏஜென்ட் அந்தக் கம்பனியின் ஆள், செய்யட்டும். எங்கள் தலையில் கட்டினால் விலைதான் ஏறும்.

கொட்டாஞ்சேனை_13:
மூன்றாவது கையைப் பற்றி நாம் பேசவில்லை, முதல் விற்பனையைப் பற்றித்தான் பேசுகிறோம். ஜப்பான் போக்குவரத்து அமைச்சின் ரீகோல் அறிவிப்புகளில் செசி நம்பர் எதிலிருந்து எதுவரை என்று போட்டிருக்கும். ஏலத்தில் கை தூக்குமுன் கிரேட் பார்க்கிறீர்கள், மைலேஜ் பார்க்கிறீர்கள், இந்த நம்பரையும் பார்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்? அங்கேயே வேலையைச் செய்வித்துக் கப்பலில் ஏற்றினால் ஒரு சதமும் செலவில்லை. புதுசாக இறக்கும் மின்சார எஸ்யூவிகளுக்கும் இதே பேச்சுத்தான். 2024 செப்டெம்பர் கடைசியில் சீனாவில் பிவைடி 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட டொல்பின், யுவான் பிளஸ் வாகனங்களை ஸ்டியரிங் யூனிட்டில் தீ அபாயம் என்று திருப்பிக் கூப்பிட்டது. யுவான் பிளஸைத்தான் இங்கே அட்டோ 3 என்று விற்கிறார்கள். விலை ஏறும் என்று பயமுறுத்தாதீர்கள்.

யூனியன்_பிளேஸ்:
நேரம் எடுக்காது, சரி. ஆனால் செய்யாத ரீகோல் இருக்கும் வாகனத்தை நான் விட்டால் இன்னொருவர் எடுத்து இரண்டு இலட்சம் குறைத்து விற்பார், நீங்கள் எல்லோரும் அவரிடம்தான் போவீர்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம் வந்தால் நானும் செய்வேன்.

வெள்ளவத்தை_6:
செசி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று இன்னும் செய்யாமல் இருக்கிறது, மின்சுற்றுச் சம்பந்தப்பட்டது. பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஏஜென்டுக்கும் ஜப்பான் தலைமையகத்துக்கும் எழுதுகிறேன், எழுத்தில் பதில் தரட்டும். வயர் அண்ணை, அதுவரை பிளேயர் லைனை முழுக்கக் கழற்றிப் பார்ப்பீர்களா?

பஞ்சிகாவத்தை_வயர்:
சனிக்கிழமை காலை வெள்ளெனக் கொண்டுவாருங்கள், வெயில் ஏறினால் பொனட்டுக்குள் கைவைக்க முடியாது. பற்றறி வாங்கிய பில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், நான் சொல்வது பொய்யா மெய்யா என்று நீங்களே படம் எடுத்து இங்கே போடலாம். அதுவரைக்கும் பிள்ளைகளை அதில் ஏற்ற வேண்டாம்.