நாளைக்குள் சாய்ஸ் லாக் செய்ய வேண்டும்

நான்: எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். பொறியியல் கவுன்சிலிங் சாய்ஸை நாளை மாலைக்குள் லாக் செய்ய வேண்டும். கட்ஆஃப் 186. முதலில் பயோமெடிக்கல் போடுவதா, மெக்கானிக்கல் போடுவதா?

அத்தை: பயோமெடிக்கல் போடு கண்ணு. ஆஸ்பத்திரி வேலை கௌரவமான வேலை. மெக்கானிக்கல் என்றால் ஒர்க்‌ஷாப்பில் நிற்க வேண்டும்.

ஓசூர் மாமா: எங்கள் பிளான்ட்டில் பெண்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள். அதற்காக மெக்கானிக்கலை ஒதுக்க வேண்டாம்.

அப்பா: வேலூரில் இருக்கிறவள்தானே பயோமெடிக்கல் படித்தவள்? அவள் சொல்லட்டும்.

வேலூர் அக்கா: இப்போதுதான் டியூட்டி முடிந்தது சித்தப்பா. காலையிலிருந்து ஐசியூ இன்ஃப்யூஷன் பம்ப்களை காலிபரேட் செய்தோம். மணிக்கு 5 மில்லி என்று வைத்தால் 5 மில்லிதான் நோயாளிக்குப் போக வேண்டும். எனக்கு இந்த வேலை உயிர். ஆனால் பாப்பாவிடம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலூர் அக்கா: நாங்கள் சர்க்யூட், சிக்னல், உடற்கூறியல், இமேஜிங் எல்லாம் படித்தோம். எதிலும் ஆழமாகப் போக நேரம் இல்லை. மருத்துவக் கருவி தயாரிக்கும் ஒரு கம்பெனியே கேம்பஸுக்கு வந்து, டிசைன் வேலைக்கு எலக்ட்ரானிக்ஸ் படித்த ஈசிஇகாரர்களும் மெக்கானிக்கல்காரர்களும் போதும் என்று சொல்லிவிட்டது. அன்று ரொம்ப வலித்தது.

அத்தை: இதை நீ சொல்லவே இல்லையே!

வேலூர் அக்கா: இப்போது பரவாயில்லை அத்தை. 2020 முதல் எம்.டெக் நுழைவுக்கான கேட் தேர்விலும் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் வந்துவிட்டது. பாப்பா, நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய்? அதைச் சொல்லு முதலில்.

நான்: தாத்தாவின் செயற்கைக் கால்தான் அக்கா. அதன் முட்டி மடங்காததால் காலை வெளிப்பக்கமாக வீசி வீசி நடக்கிறார். இரண்டு தெரு போனாலே இடுப்பு வலிக்கிறது என்கிறார். மடங்குகிற முட்டியை நான் செய்ய வேண்டும்.

வேலூர் அக்கா: அப்படியென்றால் மெக்கானிக்கல்.

அப்பா: பயோமெடிக்கல் படித்த நீயே இப்படிச் சொல்கிறாயே?

வேலூர் அக்கா: ஆமாம் சித்தப்பா. ஐஐடி மெட்ராஸில் 2022இல் ‘கதம்’ என்று ஒரு செயற்கை முட்டி வெளியிட்டார்கள். அதைச் செய்த ஆர்2டி2 என்ற மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையத்தை நடத்துபவர் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ வீல்சேரும் அங்கே வந்ததுதான். சாதாரண செயற்கை முட்டி கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்கும். கதம் பாலிசென்ட்ரிக், மடங்க மடங்க அச்சு நகர்ந்துகொண்டே போகும். நம் முட்டியும் அப்படித்தான்.

ஓசூர் மாமா: அட, இந்த மாதிரி முட்டியில் பெரும்பாலும் ஃபோர் பார் லிங்கேஜ்தானே இருக்கும்! கைனமேட்டிக்ஸில் நாங்கள் படித்தது. நான்கு தண்டு, நான்கு பின். எங்கள் வாத்தியார் அட்டையில் வெட்டி ஆணி அடித்துக் காட்டுவார். இதில் முட்டி செய்யலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நான்: அப்போ உடம்பைப் பற்றி எப்போது படிப்பேன்?

வேலூர் அக்கா: மேற்படிப்பில். ஐஐடி மெட்ராஸ், சிஎம்சி வேலூர், திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக் நடத்துகின்றன. இந்தியாவில் உருவான சித்ரா இதய வால்வு அந்த ஸ்ரீசித்திரையில் செய்ததுதான். முதல் மூன்று மாடல் தோற்று, நான்காவதைத்தான் 1990இல் மனிதருக்குப் பொருத்தினார்கள். ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் முறை திறந்து மூட வேண்டிய வால்வு. எந்த உலோகம், எந்த பிளாஸ்டிக், எங்கே தேயும் என்பதெல்லாம் மெக்கானிக்கல்காரர்களின் கேள்விகள். வென்டிலேட்டர், மானிட்டர் பிடித்திருந்தால் பயோமெடிக்கல் போடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பா: சரி. கிண்டி மெக்கானிக்கலை மேலே போடு. கிடைக்காதோ என்று பயந்து கீழே இறக்காதே, மேலே போடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பயோமெடிக்கல் அதற்குப் பிறகு வரட்டும்.

நான்: போட்டுவிட்டேன் அப்பா.

தாத்தா: என் முட்டியில் நடக்கும்போது லாக் போட்டிருக்கும். உட்காரும்போது கையால் எடுத்துவிட வேண்டும். பஸ்ஸில் சீட் கிடைத்தால் அதுதான் பெரிய பாடு. அதையும் குறித்துக்கொள்ளம்மா.

நான்: குறித்துக்கொண்டேன் தாத்தா. எந்தக் கையால் எடுப்பீர்கள்?

தாத்தா: இடது கை. வலது கையில் கம்பு இருக்கும்.