டிரிஸ் சேர்த்ததும் கரைசல் கலங்கிவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். பல் மருத்துவ முதுநிலை ஆய்வுக்காக, டைட்டானியம் தகடுகளில் அப்பட்டைட் (எலும்பில் இருப்பது போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம்) படிகிறதா என்று பார்க்கிறேன். அதற்கு ஜப்பானிய ஆய்வாளர் கொகுபோவின் முறைப்படி, இரத்தப் பிளாஸ்மாவின் அயனி அளவுகளை ஒத்த கரைசலைத் தயாரிக்க வேண்டும்: 36.5 டிகிரி செல்சியஸ், பிஎச் 7.4. கால்சியம் குளோரைடு, சோடியம் சல்பேட் வரை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. கடைசியில் பிஎச்-ஐ உயர்த்தி நிலைப்படுத்தும் டிரிஸ் என்ற காரப் பொருளைப் போட்டு, பிஎச் 7-ஐத் தாண்டியதும் கலங்கிவிடுகிறது. கால்சியம் பாஸ்பேட்தான் படிகிறது என்று நினைக்கிறேன்.

கீறலில்லாத பிளாஸ்டிக் குடுவைதான். டிரிஸையும் சிட்டிகை சிட்டிகையாகவே சேர்க்கிறேன். எங்கள் துறையில் வேதியியல் படித்தவர் எவருமில்லை. கேட்டால் 'விலைக்கு வாங்கிவிடு' என்கிறார்கள்!

எலும்பியல் உள்வைப்புகளில் இதே சோதனையைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: பிஎச் மீட்டரை 36.5 டிகிரியிலேயே அளவுத்திருத்தம் செய்கிறீர்களா? டிரிஸ் சேர்க்கும்போது வெப்பநிலையை எப்படி நிலையாக வைத்திருக்கிறீர்கள்?